ஐஆர்க்யூ 16-க்கு யார் பொறுப்பு? நெட்வொர்க் டிரைவரில் இன்டரப்ட் சீரமைப்பு ஏன் தேவைப்படுகிறது

பழைய கம்ப்யூட்டரில் இரண்டு நெட்வொர்க் கார்டுகளைச் செருகி, லினக்ஸ் போட்டு, அதையே ரவுட்டராக ஓட்டுகிறவர்கள் அம்பாசமுத்திரம், வள்ளியூர், சங்கரன்கோவில் பக்கமெல்லாம் உண்டு. கேபிள் ஆபரேட்டராக இருந்து இணைய இணைப்புத் தொழிலுக்கு வந்தவர்கள், கல்லூரி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவர்கள், வீட்டிலேயே சர்வர் வைத்துப் பழகும் மாணவர்கள் என்று பல ரகம். இவர்கள் எல்லோரும் என்றாவது ஒருநாள் சந்திக்கும் வரிகள் இரண்டு.

முதலாவது, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் பதிவில் திடீரென்று வரும் "ஐஆர்க்யூ 16: நோபடி கேர்டு" (16-ஐ யாரும் கண்டுகொள்ளவில்லை) என்ற எச்சரிக்கை. சாதனங்கள் பிராசஸருக்கு அனுப்பும் இன்டரப்ட் என்ற சைகைக்குக் கெர்னல் வைத்திருக்கும் எண்தான் ஐஆர்க்யூ. அதற்குக் கீழேயே "டிஸேபிளிங் ஐஆர்க்யூ 16" (அந்த எண்ணை மூடுகிறேன்) என்றும் இருக்கும். அதன்பின் நெட் தவழும், இல்லாவிட்டால் நின்றே போகும். இரண்டாவது, புதிய கெர்னலின் மாற்றப் பட்டியலில் ஏதாவது ஒரு நெட்வொர்க் டிரைவரின் (கார்டை இயக்கும் மென்பொருளின்) பெயருக்குப் பக்கத்தில் வரும் "இன்டரப்ட் அமைப்பு சீரமைப்பு, செயல்பாட்டில் மாற்றமில்லை" என்ற வரி. முதல் வரி பயமுறுத்துகிறது. இரண்டாவதை யாரும் படிப்பதே இல்லை. எதுவும் மாறவில்லை என்றால் எதற்காக மாற்றினார்கள் என்ற கேள்வியோடு தாண்டிப் போய்விடுவார்கள்.

இரண்டும் ஒரே விஷயத்தின் இரு முனைகள். அதை அடியிலிருந்து பார்க்கலாம்.

இன்டரப்ட் என்ன வேலை செய்கிறது

நெட்வொர்க் கார்டுக்கு வெளியிலிருந்து ஒரு பாக்கெட் வருகிறது. கார்டு அதை நேராகக் கம்ப்யூட்டரின் நினைவகத்தில் எழுதிவிடும். இதற்கு டிஎம்ஏ என்று பெயர். எழுதி முடித்தது பிராசஸருக்கு எப்படித் தெரியும்? இரண்டு வழி இருக்கிறது. பிராசஸர் அடிக்கடி போய் "வந்ததா, வந்ததா" என்று பார்ப்பது போலிங். கார்டே "வந்துவிட்டது" என்று சொல்வது இன்டரப்ட், அதாவது குறுக்கீடு. இன்டரப்ட் வந்ததும் பிராசஸர் கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிட்டு, அந்தக் கார்டுக்கான டிரைவர் பதிவு செய்து வைத்திருக்கும் சிறு செயல்கூறை ஓட்டும். அந்தச் செயல்கூறு ஹேண்ட்லர்.

இன்டரப்ட்தான் சிறந்தது என்று உடனே முடிவு கட்டிவிட முடியாது. ஒரு ஜிகாபிட் இணைப்பில் 1500 பைட் பாக்கெட்டுகள் முழு வேகத்தில் வந்தால் நொடிக்குச் சுமார் 81,000. மிகச் சிறிய 64 பைட் ஃப்ரேம்களாக வந்தால் நொடிக்குச் சுமார் 14.88 லட்சம், ஒன்றுக்கு 672 நானோ நொடிதான் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு இன்டரப்ட் என்றால் பிராசஸர் குறுக்கீட்டுக்குப் பதில் சொல்வதிலேயே முழு நேரத்தையும் செலவழிக்கும். பாக்கெட்டை எடுத்து அனுப்ப நேரமே இருக்காது.

அதனால்தான் லினக்ஸில் நேப்பி என்ற கலப்பு முறை வந்தது. முதல் பாக்கெட்டுக்கு இன்டரப்ட் வரும். ஹேண்ட்லர் கார்டின் இன்டரப்டை அடைத்துவிட்டு, "இனி நானே வந்து பார்க்கிறேன்" என்று போலிங்குக்கு மாறும். ஒரு சுற்றுக்கு வழக்கமாக 64 பாக்கெட் வரை எடுக்கும். வரிசை காலியானதும் இன்டரப்டைத் திரும்பத் திறந்துவிடும். இந்த அடைப்பதும் திறப்பதும் நினைவில் இருக்கட்டும். சிக்கல்களில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

கம்பியாக இருந்த காலம்

கார்டுகளை மதர்போர்டோடு இணைக்கும் பழைய பிசிஐ முறையில் இன்டரப்ட் என்பது உண்மையான ஒரு கம்பி. ஒரு சாதனத்துக்கு ஐஎன்டிஏ முதல் ஐஎன்டிடி வரை நான்கு கம்பிகள் உண்டு. பெரும்பாலான கார்டுகள் முதல் கம்பியை மட்டும்தான் பயன்படுத்தும். மதர்போர்டில் இந்தக் கம்பிகள் ஒன்றோடொன்று இணைந்து சில எண்களில் போய் முடியும். நெட்வொர்க் கார்டு, யுஎஸ்பி கன்ட்ரோலர், சவுண்ட் கார்டு மூன்றும் 16 என்ற ஒரே எண்ணில் வந்து நிற்பது சர்வ சாதாரணம்.

நெல்லைப் பக்கத்து வளவு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். தெருவுக்கு ஒரே வாசல், உள்ளே நாலைந்து குடும்பம், வாசலில் ஒரே ஒரு அழைப்பு மணி. மணி அடித்தால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆள் எழுந்துவந்து "எங்களுக்கா?" என்று பார்க்க வேண்டும். இதில் இன்னொரு சங்கதியும் சேர்ந்துகொள்கிறது: வந்தவர் தனக்குரிய வீட்டுக்காரர் வெளியே வரும்வரை பொத்தானிலிருந்து கையை எடுக்கவே மாட்டார். லெவல் ட்ரிகர் என்பது இதுதான். கார்டின் ரெஜிஸ்டரில் (கார்டுக்குள் இருக்கும் சிறு பதிவிடத்தில்) போய் "பார்த்துவிட்டேன்" என்று டிரைவர் எழுதும்வரை கம்பி உயிரோடு இருக்கும்.

கெர்னல் இதை எப்படிச் சமாளிக்கிறது? 16-ல் இன்டரப்ட் வந்ததும் அந்த எண்ணில் பதிவான எல்லா ஹேண்ட்லர்களையும் வரிசையாக ஓட்டும். ஒவ்வொரு ஹேண்ட்லரும் தன் கார்டைப் பார்த்துவிட்டு "என்னுடையது" அல்லது "என்னுடையது இல்லை" என்று சொல்லியாக வேண்டும். எல்லோருமே இல்லை என்று சொன்னால், மணியோ நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தால்? ஒரு லட்சம் இன்டரப்டுகளில் 99,900-க்கு மேல் உரிமை கோராமல் போனால் கெர்னல் அந்த எண்ணையே மூடிவிடும். அப்போது வருவதுதான் "நோபடி கேர்டு" செய்தி.

ஆகவே அந்தச் செய்தியைப் பார்த்ததும் நெட்வொர்க் கார்டைச் சந்தேகிப்பது அவசரம். குற்றவாளி அதே எண்ணில் இருக்கும் வேறொரு சாதனமாக இருக்கலாம். எண்ணை மூடும்போது அடி எல்லோருக்கும் சேர்த்துத்தான் விழும்.

கம்பி போய் செய்தி வந்தது

எம்எஸ்ஐ என்ற முறை பிசிஐ 2.2 தரத்தோடு வந்தது. இதில் தனிக் கம்பி கிடையாது. கார்டு ஒரு குறிப்பிட்ட நினைவக முகவரியில் ஒரு குறிப்பிட்ட எண்ணை எழுதுகிறது. பிராசஸர் பக்கத்து வன்பொருள் அந்த எழுத்தையே இன்டரப்டாக எடுத்துக்கொள்கிறது. ஒரு சாதனத்துக்கு 32 வரை கிடைக்கும், ஆனால் 1, 2, 4, 8 என்று இரட்டித்துத்தான் வாங்க முடியும். அடுத்து பிசிஐ 3.0 தரத்தோடு எம்எஸ்ஐ-எக்ஸ் வந்தது. இதில் 2048 வரை, எந்த எண்ணிக்கையிலும் வாங்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி, தனி எண். இப்படிக் கிடைக்கும் ஒவ்வொரு இன்டரப்டையும் வெக்டர் என்பார்கள்.

இதனால் மூன்று லாபம்.

1. பகிர்வு இல்லை. ஒவ்வொரு சாதனத்துக்கும் தனி எண் என்பதால் அடுத்தவன் தப்புக்கு நாம் மாட்டுவதில்லை.

2. பல வரிசைகளைப் பிராசஸரின் பல கோர்களுக்குப் பிரிக்கலாம். சர்வர் ரகக் கார்டுகளில் வரும் பாக்கெட்டுகளைக் கார்டே எட்டு, பதினாறு என்று வரிசைகளாகப் பிரித்து, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு வெக்டர், ஒவ்வொரு வெக்டருக்கும் ஒரு கோர் என்று ஒதுக்க முடியும்.

3. இதைப் பலர் கவனிப்பதில்லை: வரிசை ஒழுங்கு. கம்பி தனி வழியில் போகிறது, டேட்டா தனி வழியில் போகிறது. கம்பியின் சைகை முந்திக்கொண்டு வந்து, டேட்டா இன்னும் நினைவகத்துக்கு வந்து சேராமல் இருக்க வாய்ப்புண்டு. அதனால் பழைய டிரைவர்கள் கார்டின் ஒரு ரெஜிஸ்டரைப் படித்து, நடுவழியில் இருப்பதையெல்லாம் தள்ளிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். எம்எஸ்ஐ என்பதும் ஒரு நினைவக எழுத்துதான். அது தனக்கு முன்னால் போன டேட்டா எழுத்துகளைத் தாண்டிப் போகக் கூடாது என்பது பஸ்ஸின் (கார்டையும் பிராசஸரையும் இணைக்கும் பாதையின்) விதி. இன்டரப்ட் வந்துவிட்டதென்றால் டேட்டாவும் வந்துவிட்டது என்று பொருள். அந்த ரெஜிஸ்டர் படிப்பு இனித் தேவையில்லை.

குப்பை சேர்ந்தது எப்படி

இந்த மூன்று முறைகளும் ஒன்றையொன்று ஒழித்துவிட்டு வரவில்லை. ஒரே கார்டு ஒரு மதர்போர்டில் எம்எஸ்ஐ-எக்ஸில் ஓடும். இன்னொன்றில் கம்பிதான் கதி. எனவே ஒவ்வொரு டிரைவரும் மூன்றுக்கும் தயாராக இருக்க வேண்டியிருந்தது.

பழைய டிரைவர் ஒன்றைத் திறந்து பார்த்தால் இந்த வரிசை கிடைக்கும். முதலில் எம்எஸ்ஐ-எக்ஸ் வெக்டர்களைக் கேட்பது. அதற்கிருந்த பழைய செயல்கூறின் பதில் விநோதமானது: பூஜ்யம் வந்தால் வெற்றி, எதிர்மறை எண் வந்தால் பிழை, நேர்மறை எண் வந்தால் "நீ கேட்டது இல்லை, இவ்வளவுதான் இருக்கிறது, மறுபடி கேள்". ஆகவே அதைச் சுற்றி, திரும்பத் திரும்பக் கேட்கும் ஒரு லூப். சில டிரைவர்கள் நேர்மறைப் பதிலை வெற்றி என்று எடுத்துக்கொண்டன. சில பிழை என்று கைவிட்டன. லூப் தோற்றால் எம்எஸ்ஐ. அதுவும் தோற்றால் கம்பி. ஒவ்வொரு படிக்கும் ஒரு கொடி, அதாவது ஆம்/இல்லை என்ற குறிப்பு: எம்எஸ்ஐ உண்டா, எம்எஸ்ஐ-எக்ஸ் உண்டா. வெக்டர் எண்களை வைக்க ஒரு பட்டியல். இதே மூன்று கிளைகள் இன்டரப்டைப் பதிவு செய்யும் இடத்திலும், விடுவிக்கும் இடத்திலும், அடைக்கும் இடத்திலும், திறக்கும் இடத்திலும் திரும்பத் திரும்ப வரும்.

ஆளாளுக்கு அடுத்த டிரைவரைப் பார்த்து எழுதியதால் ஒருவருடைய பிழை பத்து டிரைவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. எம்எஸ்ஐ-எக்ஸ் கிளையை எல்லோரும் சோதித்திருப்பார்கள், ஏனென்றால் அவர்கள் கம்ப்யூட்டரில் அதுதான் ஓடும். கம்பிக் கிளை பல வருடம் யார் கையும் படாமல் கிடக்கும். பத்து வருடப் பழைய மதர்போர்டில் அதே கார்டைச் செருகுகிற நம்மூர்க்காரருக்கு மட்டும்தான் அது வெடிக்கும்.

2016-ல் வெளிவந்த லினக்ஸ் 4.8-ல் இதற்கு ஒரு பொது வழி வந்தது. 'பிசிஐ அலாக் ஐஆர்க்யூ வெக்டர்ஸ்' என்ற செயல்கூறு. டிரைவர் சொல்ல வேண்டியது மூன்றே விஷயம்: குறைந்தது எத்தனை வெக்டர் வேண்டும், அதிகபட்சம் எத்தனை, எந்தெந்த முறைகள் சம்மதம். எம்எஸ்ஐ-எக்ஸ், எம்எஸ்ஐ, கம்பி என்ற வரிசையில் முயன்றுபார்ப்பது கெர்னலின் வேலை. கிடைத்த எண்ணிக்கை பதிலாக வரும். குறைந்தபட்சம்கூடக் கிடைக்காவிட்டால் பிழை வரும். கிடைத்ததில் இத்தனையாவது வெக்டரின் ஐஆர்க்யூ எண் என்ன என்று கேட்க இன்னொரு சிறு செயல்கூறு. எந்த முறையில் கிடைத்திருந்தாலும் கேள்வி ஒன்றுதான்.

மாற்றப் பட்டியல்களில் வரும் "இன்டரப்ட் சீரமைப்பு" என்ற வரிகளில் கணிசமானவை பழைய படிக்கட்டை எடுத்துவிட்டு இதை வைப்பதுதான்.

சீரமைப்பில் உண்மையில் என்ன செய்கிறார்கள்

லூப்பை எடுப்பது எளிய பகுதி. நல்ல சீரமைப்பு அதோடு நிற்காது.

1. கொடிகளை ஒழிப்பது. எந்த முறை ஓடுகிறது என்பது கெர்னலுக்குத் தெரியும். டிரைவரும் தனியாக ஒரு கொடி வைத்திருந்தால் என்றாவது இரண்டும் முரண்படும். பெரும்பாலும் அது பிழை நேரத்தில்தான் நடக்கும்: எம்எஸ்ஐ தோற்றபின் கொடியை அணைக்க மறந்திருப்பார்கள்.

2. பதிவு செய்யும் இடத்தைச் சரிசெய்வது. நெட்வொர்க் டிரைவர்களில் வெக்டர்களைச் சாதனத்தைக் கண்டறியும் கட்டத்திலும், ஹேண்ட்லர் பதிவை இன்டர்ஃபேஸ் திறக்கும்போதும் செய்வது பரவலான வழக்கம். யாரும் பயன்படுத்தாமல் கிடக்கும் போர்ட்டுக்காக ஹேண்ட்லர் காத்திருக்க வேண்டியதில்லை.

3. ஏற்றும் வரிசையும் இறக்கும் வரிசையும். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஹேண்ட்லரைப் பதிவு செய்த அந்த நொடியிலேயே அது ஓடக்கூடும். கம்பியைப் பகிர்ந்திருந்தால் பக்கத்துச் சாதனத்துக்கு வந்த இன்டரப்டுக்கே நம் ஹேண்ட்லர் கூப்பிடப்படும். அதற்குள் அது தொடப்போகும் வரிசைகள், நினைவகம், பூட்டுகள் எல்லாம் தயாராக இருந்தாக வேண்டும். "கார்டை நான் இன்னும் இயக்கவே இல்லையே, இன்டரப்ட் எப்படி வரும்?" என்பது வாதமாகாது. முந்தைய கெர்னல் நொறுங்கி, அவசர கெர்னல் எழுந்து வந்தால், கார்டு பழைய கெர்னல் விட்டுப்போன நிலையிலேயே இன்டரப்ட் அனுப்பிக்கொண்டிருக்கும். அதனால் வரிசை இதுதான்: கார்டில் இன்டரப்டை அடை, தரவமைப்புகளைத் தயார் செய், ஹேண்ட்லரைப் பதிவு செய், நேப்பியை இயக்கு, கடைசியில் கார்டில் திற.

பகிர்ந்த கம்பியில் இந்தத் தப்பைப் பிடிக்கக் கெர்னலிலேயே ஒரு சோதனை வசதி உண்டு. அதை இயக்கினால், பதிவு செய்தவுடன் ஹேண்ட்லரைப் பொய்யாக ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கும். தயாராக இல்லாத டிரைவர் அங்கேயே விழுந்துவிடும்.

இறக்கும்போது எல்லாம் தலைகீழ். கார்டில் அடை, ஓடிக்கொண்டிருக்கும் நேப்பி முடியக் காத்திரு, ஹேண்ட்லரை விடுவி, அப்புறம்தான் வரிசைகளின் நினைவகத்தை விடு, கடைசியில் வெக்டர்களைத் திருப்பிக் கொடு. ஹேண்ட்லர் பதிவாக இருக்கும்போதே வெக்டரைத் திருப்பிக் கொடுத்தால் கெர்னல் சும்மா விடாது.

4. பாதியில் தோற்றால் என்ன என்று பார்ப்பது. எட்டு வெக்டர்களைப் பதிவு செய்யும்போது ஐந்தாவது தோற்றால் முதல் நான்கையும் விடுவிக்க வேண்டும். ஐந்தாவதை விடுவிக்க முயலக் கூடாது. கேட்க எளிது. பழைய டிரைவர்களில் அடிக்கடி பிழை கிடைக்கும் இடம் இதுதான்.

5. தானாக விடுவிக்கும் வசதியை யோசித்துப் பயன்படுத்துவது. சாதனம் நீக்கப்படும்போது கெர்னலே இன்டரப்டை விடுவித்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. வரிகள் குறையும் என்பதால் சீரமைப்பவர்களுக்கு இதன்மேல் ஒரு மோகம். ஆனால் அந்தத் தானியங்கி விடுவிப்பு, டிரைவரின் நீக்கல் செயல்கூறு முடிந்த பிறகுதான் நடக்கும். அந்தச் செயல்கூறுக்குள் வரிசை நினைவகத்தைக் கையால் விடுவித்திருந்தால், இடைப்பட்ட நேரத்தில் வரும் ஒரே ஒரு இன்டரப்ட் விடுவித்த நினைவகத்தைத் தொடும். பாதி கையால், பாதி தானாக என்பது இங்கே ஆகாது. என் பார்வையில், சந்தேகமிருந்தால் வரிகள் கூடினாலும் எல்லாவற்றையும் கையாலேயே செய்வது மேல்.

6. சில்லறைகள். பதிவின்போது கொடுக்கும் பெயரைக் கெர்னல் நகலெடுத்து வைப்பதில்லை, சுட்டியை (அது இருக்கும் முகவரியை) மட்டும் வைத்துக்கொள்கிறது. தற்காலிக இடத்தில் பெயரை எழுதிக் கொடுத்தால் பின்னால் யாராவது இன்டரப்ட் பட்டியலைப் பார்க்கும்போது குப்பை தெரியும். அதேபோல, கார்டு திடீரென்று பிடுங்கப்பட்டால் ரெஜிஸ்டரைப் படிக்கும்போது எல்லா பிட்டும் 1 என்று வரும். "எல்லா நிகழ்வும் நடந்திருக்கிறது" என்று ஹேண்ட்லர் அதை நம்பிவிடக் கூடாது.

"செயல்பாட்டில் மாற்றமில்லை" என்பதை எவ்வளவு நம்பலாம்

எழுதியவர் பொய் சொல்வதில்லை. அவர் கம்ப்யூட்டரில் மாற்றம் இருந்திருக்காது. ஆனால் கம்பியிலிருந்து எம்எஸ்ஐக்குப் போவது வெறும் பெயர் மாற்றமில்லை. அடியில் இருக்கும் நடத்தையே மாறுகிறது.

நேப்பி பற்றிச் சொன்ன இடத்துக்குத் திரும்பலாம். வரிசை காலி என்று பார்த்தாயிற்று. இன்டரப்டைத் திறக்கப் போகிறோம். சரியாக இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பாக்கெட் வந்து விழுகிறது. கம்பி முறையில் கவலையில்லை: கார்டு கம்பியைப் பிடித்துக்கொண்டே இருக்கும், திறந்த கணத்தில் இன்டரப்ட் வந்துவிடும். எம்எஸ்ஐயில் செய்தி ஒருமுறைதான் போகும். கார்டின் வடிவமைப்பைப் பொறுத்து, அடைத்திருந்த நேரத்தில் நடந்ததற்குத் திறந்தபின் செய்தி வராமலே போகலாம். அந்தப் பாக்கெட் வரிசையில் உட்கார்ந்திருக்கும். அடுத்த பாக்கெட் வந்தால்தான் அதுவும் சேர்ந்து எழும்பும். எதிர்முனை இந்தப் பாக்கெட்டின் பதிலுக்காகக் காத்திருந்தால் அடுத்த பாக்கெட் எங்கிருந்து வரும்?

பயன்படுத்துபவருக்கு இது எப்படித் தெரியும்? நெட் திடீரென்று உறையும், சில நொடியில் தானாக ஓடும். இதே இழப்பு அனுப்பும் பக்கம் நேர்ந்தால் கெர்னல் பதிவில் "ட்ரான்ஸ்மிட் க்யூ டைம்டு அவுட்" என்ற வரி வரும். ஆபரேட்டர் கேபிளை மாற்றுவார், ஸ்விட்சை மாற்றுவார். கேபிளில் ஒன்றும் இருக்காது. திறந்த பிறகு வரிசையை மறுபடி ஒருமுறை எட்டிப் பார்க்கும் இரண்டு வரிகள் டிரைவரில் இல்லை, அவ்வளவுதான். கம்பிக் காலத்தில் அந்த வரிகள் தேவைப்படவில்லை, அதனால் யாரும் எழுதவில்லை.

ஆர்8169 கண்ட அனுபவம்

மலிவான மதர்போர்டுகளிலும் லேப்டாப்புகளிலும் பெரும்பாலும் இருப்பது ரியல்டெக் சிப். லினக்ஸில் அதை ஓட்டும் டிரைவர் ஆர்8169. ஊரில் சும்மா கிடக்கும் கம்ப்யூட்டர்களைத் திறந்தால் பாதிக்கு மேல் இதுதான் வரும் என்று தைரியமாகச் சொல்லலாம்.

2018-ல் இந்த டிரைவர் மேலே சொன்ன பொது வழிக்கு மாறியது. எல்லா முறையும் சம்மதம் என்று சொல்லிவிட்டதால், அதுவரை எம்எஸ்ஐயில் ஓடிய சிப்புகள் சில எம்எஸ்ஐ-எக்ஸுக்கு ஏறின. பார்வைக்குக் கச்சிதமான சீரமைப்பு. ஆனால் சில லேப்டாப்புகளில் சஸ்பெண்ட் செய்து எழுப்பினால் நெட்வொர்க் வேலை செய்யவில்லை. கரண்ட் போனால் லேப்டாப்பை மூடி வைத்து, வந்ததும் திறக்கும் நம் பழக்கத்துக்கு இதைவிடத் தொந்தரவு வேண்டாம்.

ஏன் எம்எஸ்ஐ-எக்ஸ் மட்டும்? காரணம் அது வைக்கப்பட்டிருக்கும் இடம். எம்எஸ்ஐயின் முகவரியும் எண்ணும் கார்டின் கான்ஃபிகரேஷன் பகுதியில் இருக்கும். எம்எஸ்ஐ-எக்ஸின் அட்டவணை கார்டின் நினைவகப் பகுதிக்குள் இருக்கும். ஒவ்வொரு வெக்டருக்கும் 16 பைட். எழுந்தபின் கெர்னல் அந்த அட்டவணையைத் திரும்ப எழுதுகிறது, ஆனால் எழுத்து கார்டுக்குப் போய்ச் சேரவில்லை.

அப்போதைக்கு ஆர்டிஎல்8168ஜி, ஆர்டிஎல்8106இ ஆகிய சிப்புகளுக்கு எம்எஸ்ஐ-எக்ஸ் வேண்டாம் என்று டிரைவரில் விலக்கு எழுதினார்கள். பழி சிப்பின் மேல் போனது. பிற்பாடுதான் உண்மை வேறிடத்திலிருந்து தெரியவந்தது. ஏஸுஸ் நிறுவனத்தின் பல மாடல்களில் என்விடியா கிராஃபிக்ஸ் சிப் சஸ்பெண்டுக்குப் பின் செயலிழப்பதை ஆராய்ந்தவர்கள், கோளாறு பிராசஸருக்கும் சாதனத்துக்கும் நடுவில் இருக்கும் பிசிஐ பிரிட்ஜ் என்ற இணைப்புச் சிப்பில் என்று கண்டார்கள். நினைவக எழுத்துகளை எந்த முகவரி எல்லைக்குள் கடத்த வேண்டும் என்பதைப் பிரிட்ஜின் ப்ரீஃபெட்ச் ரெஜிஸ்டர்கள் வைத்திருக்கின்றன. எழுந்தபின் அவற்றில் சரியான மதிப்பே இருந்தது. மதிப்பு மாறவில்லை என்பதால் கெர்னல் அதைத் திரும்ப எழுதாமல் தாண்டிப் போனது. அதே மதிப்பை மறுபடி எழுதினால் எல்லாம் சரியாகிவிட்டது! அந்தத் திருத்தம் பிசிஐ பகுதியில் சேர்ந்தபின் ஆர்8169-ல் இருந்த விலக்குகளும் நீக்கப்பட்டன.

டிரைவரில் நடந்த சீரமைப்பு ஒரு பிழையை உருவாக்கவில்லை. வேறெங்கோ தூங்கிக்கொண்டிருந்ததை எழுப்பிவிட்டது. பாதிக்கப்பட்டவருக்கு அந்த வித்தியாசம் முக்கியமில்லைதான், ஆனால் திருத்துபவருக்கு முக்கியம். விலக்கை மட்டும் எழுதி விட்டிருந்தால் கிராஃபிக்ஸ் சிப்புக்கு ஒரு விலக்கு, வைஃபைக்கு ஒரு விலக்கு என்று பட்டியல் நீண்டுகொண்டே போயிருக்கும்.

உங்கள் கம்ப்யூட்டரில் பார்ப்பது

லினக்ஸின் ப்ராக் கோப்பகத்தில் இன்டரப்ட்ஸ் என்ற கோப்பைத் திறந்தால் போதும். இடது ஓரத்தில் ஐஆர்க்யூ எண், அடுத்து ஒவ்வொரு கோருக்கும் எத்தனை முறை வந்தது என்ற எண்ணிக்கை, பிறகு முறையின் பெயர், கடைசியில் சாதனம். பிசிஐ-எம்எஸ்ஐ என்று தொடங்கினால் செய்தி முறை. ஐஓ-ஏபிஐசி என்று இருந்தால் கம்பி. ஒரே வரியின் கடைசியில் இரண்டு மூன்று பெயர்கள் இருந்தால் பகிர்வு நடக்கிறது. எண்ணிக்கை முழுவதும் ஒரே கோரில் குவிந்திருந்தால், பல வரிசை உள்ள கார்டாக இருக்கும்பட்சத்தில் பிரித்துக் கொடுக்கலாம். ஒற்றை வரிசைக் கார்டில் அது இயல்பு, கவலை வேண்டாம்.

"நோபடி கேர்டு" வந்தால் முதலில் அந்த எண்ணில் வேறு யார் இருக்கிறார்கள் என்று இந்தக் கோப்பில் பாருங்கள். பழைய பிசிஐ கார்டாக இருந்தால் வேறு ஸ்லாட்டுக்கு மாற்றிச் செருகினாலே எண் மாறலாம். கெர்னலின் தொடக்கக் கட்டளையில் "பிசிஐ=நோஎம்எஸ்ஐ" என்று யாரோ, எப்போதோ, எதற்கோ சேர்த்து வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். வலையில் தேடி ஒட்டிய அந்த ஒரு வரி எல்லாச் சாதனங்களையும் கம்பிக்குத் தள்ளிவிடும்.

அதே வரிக்கு நல்ல உபயோகமும் இருக்கிறது. திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியிலிருந்தோ மத்தளம்பாறைப் பக்கம் வேலை பார்த்துக்கொண்டோ கெர்னலுக்கு முதல் திருத்தம் அனுப்ப நினைப்பவர்களுக்கு இன்டரப்ட் சீரமைப்பு ஆசை காட்டும்: நூறு வரியை எடுத்துவிட்டு இருபது வரி வைக்கலாம். கையில் கார்டு இல்லாமல் இதில் இறங்க வேண்டாம் என்பேன். பழைய உதிரி விற்கும் கடையில் அந்தச் சிப் உள்ள கார்டு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் மாற்றத்தை ஒரு திருத்தமாகவும், நடத்தை மாற்றத்தைத் தனித் திருத்தமாகவும் வையுங்கள்; பின்னால் யாராவது பழுதைத் தேடும்போது எந்தத் திருத்தத்தில் வந்தது என்று பாதி பாதியாகப் பிரித்துக் கண்டுபிடிக்க அது உதவும். பிறகு இந்த மூன்றையும் செய்து பாருங்கள்: "பிசிஐ=நோஎம்எஸ்ஐ" போட்டுக் கம்பிக் கிளையை ஓட்டுவது; பாக்கெட்டுகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிரைவர் மாட்யூலைக் கழற்றி மாட்டுவதைப் பல முறை செய்வது; சஸ்பெண்ட் செய்து எழுப்பியபின் நெட் வருகிறதா என்று பார்ப்பது. திருத்தத்தோடு அனுப்பும் குறிப்பில் எந்தச் சிப்பில், எந்த முறையில் சோதித்தீர்கள் என்றும் எழுதுங்கள். "செயல்பாட்டில் மாற்றமில்லை" என்ற வரியைவிடப் பராமரிப்பாளர் முதலில் தேடுவது அதைத்தான்.